அட்லஸ் தோளில் இருப்பது பூமியா, வானமா? ஒரு சிலை வேலைக்காகக் கேட்கிறேன்

பூண்டி உளி (திருமுருகன்பூண்டி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருமுருகன்பூண்டியில் எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து கற்சிற்பப் பட்டறை நடத்தி வருகிறோம். பிள்ளையார், முருகன், கன்னிமார், கருப்பராயன் என்று இந்தப் பக்கத்துக் கோயில்களுக்கான வேலைதான் எங்களுக்குப் பெரும்பாலும் வரும். இப்போது முதல் முறையாக ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து, முற்றத்தில் நிறுத்துவதற்கு ஏழடி உயரத்தில் அட்லஸ் சிலை கருங்கல்லில் வேண்டுமென்று கேட்டு முன்பணமும் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் தந்த படத்தில் தாடி வைத்த ஒருவர் ஒரு முழங்காலை மடக்கி, பெரிய உருண்டையொன்றைப் பிடரியில் தாங்கியிருக்கிறார். உருண்டையின் மேல் ஆசியா, ஆப்பிரிக்கா என்று கண்டங்கள் வரைந்திருக்கின்றன.

மூலம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் கல்லில் காவிக்கோடு போடுவது எங்களுக்கு வழக்கமில்லை. இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள பழைய சிலையின் படங்களை எட்டாவது படிக்கும் என் மகள் கைப்பேசியில் தேடிக் காட்டினாள். அந்த உருண்டையில் கண்டங்களே கிடையாது. பெரிதாக்கிப் பார்த்தால் காளை, நண்டு, பாதிக் கப்பல், நீண்ட பாம்பு ஆகியவை இளம்புடைப்பாகத் தெரிகின்றன, அவற்றுக்குக் குறுக்கே வளையம் வளையமாகக் கோடுகள் ஓடுகின்றன. இதைப் பள்ளியில் சொன்னதற்கு, "அட்லஸ்னா பூமியைச் சுமக்கறவர்தானுங்களே, உலகப்படப் புத்தகத்துக்கே அந்தப் பேர்தானே" என்று பதில் வந்தது.

எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. உருண்டையில் செதுக்க வேண்டியது பூமியா, வானமா? அடுத்தது, பீடத்தில் "இவர் பெயர் தாங்கிய வான்பொருள்" என்று ஒரு வரி எழுதச் சொல்கிறார்கள். அண்மையில் பேசப்பட்ட அட்லஸ் வால்மீன்தான் அது என்று அவர்கள் நினைக்கிறார்கள். கல்லில் எழுதிவிட்டால் அழிக்க முடியாது என்பதால், விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

நொய்யல் வானம் (கோவை) எழுதியது:

வணக்கம் ஐயா. இருபது ஆண்டுகளாகத் தொலைநோக்கி வைத்து வானம் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது வானம்தான், ஐயமே வேண்டாம். நீங்கள் மூலத்தைத் தேடிப் பார்த்ததற்கு முதலில் நன்றி. பலரும் அந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

கிரேக்கர்களின் கதைப்படி அட்லஸ் ஒரு டைட்டன், அதாவது சீயஸ் முதலான ஒலிம்பஸ் தெய்வங்களுக்கு முன் ஆண்ட தெய்வ வம்சத்தில் வந்தவர். அந்த இரு தரப்புக்கும் நடந்த போரில் டைட்டன்கள் தோற்றபோது, உலகத்தின் மேற்கு விளிம்பில் நின்று வானத்தைத் தாங்கும்படி அட்லசுக்குச் சீயஸ் தண்டனை விதித்தார் என்று பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹெசியட் பாடுகிறார். தண்டனையே வானத்தைத் தரையில் விழாமல் பிடித்திருப்பதுதான் என்றால், காலடியில் கிடக்கும் பூமியைத் தோளில் ஏற்றுவது கதைக்கே பொருந்தாது.

நீங்கள் பார்த்த சிலைக்கு ஃபர்னேசி அட்லஸ் என்று பெயர். கார்டினல் அலெஸ்ஸாண்ட்ரோ ஃபர்னேசியின் சேகரிப்பில் 1562ஆம் ஆண்டு சேர்ந்ததால் அந்தப் பெயர் வந்தது. சலவைக்கல்லில், ஏறத்தாழ 2.1 மீட்டர் உயரத்தில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமானியர் செய்த சிலை அது. அதற்கும் முந்திய கிரேக்க மூலம் ஒன்றைப் பார்த்து எடுத்த பிரதி என்று கருதப்படுகிறது. உருண்டையின் விட்டம் சுமார் 65 சென்டிமீட்டர். அதில் 41 விண்மீன் மண்டலங்களின் உருவங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. விண்மீன்களைப் புள்ளிகளாகக் குறிக்கவில்லை, உருவங்கள் மட்டுமே உண்டு. குறுக்கே ஓடும் வளையங்கள் வான நடுக்கோடும், அதற்கு இருபுறமும் உள்ள கடக, மகர ரேகைகளும், சூரியன் ஓராண்டில் நகரும் பாதையும். துருவத்திலிருந்து துருவத்துக்கு ஓடும் வளையங்களும் உண்டு. பாதிக் கப்பல் என்று நீங்கள் சொன்னது ஆர்கோ. கிரேக்கர்கள் அந்த மண்டலத்தைப் பின்பாதி மட்டும் தெரியும் கப்பலாகவே கற்பனை செய்தார்கள் என்பதால், மீதி உடைந்துபோயிற்று என்று எண்ணி முழுக் கப்பலாகச் செதுக்கிவிட வேண்டாம்.

வேலைக்கு உதவும் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். வானத்தை நாம் உள்ளிருந்து பார்க்கிறோம், அந்த உருண்டையோ வானத்தை வெளியே நின்று பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படிச் செய்யப்பட்டது. ஆகவே அச்சிட்ட நட்சத்திர வரைபடத்தைப் பார்த்து அப்படியே கல்லுக்கு மாற்றினால் இடம் வலமாகிவிடும். வரைபடத்தை ஊடு தெரியும் தாளில் எடுத்து, அந்தத் தாளைப் புரட்டிப் போட்டு வரைந்தால் சரியாக வரும்.

65 சென்டிமீட்டர் விட்டத்துக்குச் சுற்றளவு 204 சென்டிமீட்டர். அதை 360 பாகையால் வகுத்தால் ஒரு பாகைக்கு 5.7 மில்லிமீட்டர் வருகிறது. வான நடுக்கோட்டிலிருந்து கடக ரேகையும் மகர ரேகையும் மேற்பரப்பின் மீது அளந்தால் பதின்மூன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி விழும். இந்த 5.7 மில்லிமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சிலையைப் பற்றிய பெரிய விவாதமே அந்த அளவில்தான் நிற்கிறது.

மேஷத்தின் ஊடாகச் செல்லும் வளையம், பகலும் இரவும் சமமாக இருக்கும் சம இரவு நாளில் சூரியன் நின்ற இடத்தைக் காட்டுகிறது. அந்த இடம் நிலையானதன்று. பூமியின் அச்சு பம்பரம் போலத் தலைசுற்றுவதால், அது சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை மேற்கே நகர்கிறது. நம் பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று கழிக்கும் 24 பாகை இந்த நகர்வின் கணக்கே. மார்ச் 20 வாக்கில் சம இரவு வந்துவிட, நாம் சித்திரை முதல் நாளை ஏப்ரல் 14இல் கொண்டாடுவதும் இதனால்தான். எனவே உருண்டையில் அந்த வளையம் எந்த உருவத்தை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று அளந்தால், அந்த வானம் எந்தக் காலத்து வானம் என்று சொல்லிவிட முடியும். அமெரிக்க வானியலாளர் பிராட்லி ஷேஃபர் 2005ஆம் ஆண்டு அப்படி அளந்து, கி.மு. 125, அதற்கு 55 ஆண்டு முன்பின் என்று முடிவு சொன்னார். அது ஹிப்பார்க்கஸ் என்ற கிரேக்க வானியலாளர் வாழ்ந்த காலம். அவருடைய தொலைந்துபோன விண்மீன் பட்டியலை வைத்தே இந்த உருண்டை செய்யப்பட்டது என்பது ஷேஃபரின் வாதம். டென்னிஸ் டியூக் என்பவர் அடுத்த ஆண்டே இதை மறுத்தார். உருவங்கள் ஹிப்பார்க்கஸின் அளவுகளோடு அவ்வளவு நெருக்கமாகப் பொருந்தவில்லை என்பது அவருடைய முடிவு.

2022ஆம் ஆண்டில், சினாய் மலை மடத்திலிருந்து வந்த ஒரு பழைய தோல் ஏட்டில், அழித்து மேலே வேறு எழுதப்பட்ட பக்கங்களுக்கு அடியில், ஹிப்பார்க்கஸுடையவை என்று கருதத்தக்க விண்மீன் அளவுகள் சிலவற்றை ஆய்வாளர்கள் படித்தெடுத்தார்கள். ஒரு சிறு மண்டலத்தின் எல்லைகள்தாம் கிடைத்தன என்றாலும், அவையும் அயன நகர்வுக் கணக்கின்படி கி.மு. 129 வாக்கில் வந்து நிற்கின்றன. அந்தப் பட்டியல் முழுதாகக் கிடைக்கும் நாள் வந்தால் உங்கள் உருண்டையை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க நான் முதல் ஆளாக நிற்பேன்.

வால்மீன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை 1 அன்று சிலியிலுள்ள தொலைநோக்கியில் அகப்பட்ட 3ஐ அட்லஸும், 2024 அக்டோபரில் வெறும் கண்ணுக்கே தெரிந்த சுச்சின்ஷான்-அட்லஸும் இந்தத் தெய்வத்தின் பெயரால் அழைக்கப்பட்டவை அல்ல. பூமி மீது மோதக்கூடிய குறுங்கோள்களை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் ஒரு தொலைநோக்கி அமைப்பின் நீண்ட ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்தால் அட்லஸ் என்று வருகிறது. கண்டுபிடித்த அமைப்பின் பெயரே வால்மீனுக்குச் சூட்டப்படுகிறது. ஆகவே அதைப் பீடத்தில் எழுத வேண்டாம். நேரடியாக அவர் பெயர் சூட்டப்பட்டது சனிக்கோளின் துணைக்கோள்களில் ஒன்று. அதைப் பற்றி இரவு எழுதுகிறேன்.

பல்லடம் பெருமாள்மலை எழுதியது:

பள்ளிக்கூடத்தார் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதையும் பதிவு செய்துவிடலாம். 1595ஆம் ஆண்டு மெர்க்கேட்டரின் நிலப்படத் தொகுப்பு அவர் மறைவுக்குப் பின் அட்லஸ் என்ற பெயரில் வெளிவந்தது. அதிலிருந்துதான் படப்புத்தகங்களுக்கெல்லாம் அந்தப் பெயர். ஆனால் மெர்க்கேட்டர் மனத்தில் வைத்திருந்தது சுமை தாங்கும் டைட்டனையன்று; வடமேற்கு ஆப்பிரிக்காவை ஆண்டதாகவும் முதன்முதலில் வான உருண்டை செய்ததாகவும் கதைகளில் சொல்லப்படும் அட்லஸ் என்ற அறிஞ அரசரை. அங்கும் வான உருண்டைதான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். நிலப்படப் புத்தகத்தின் பெயராக அது நிலைத்த பிறகு, தோளிலிருந்த உருண்டையையும் மக்கள் நிலமாகவே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னால் ஆசிரியர்கள் நிச்சயம் ஏற்றுக்கொள்வார்கள்.

பேரூர் கல்மண்டபம் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நாற்பத்தைந்து ஆண்டுகள் திருப்பணி வேலையில் கல்லோடு இருந்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். வானசாத்திரம் எனக்குத் தெரியாது, சுமை தாங்குகிற உருவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் கோயில்களில் கொடுங்கைக்குக் கீழே பூதகணங்கள் வரிசையாக இருக்கும். கோபுரத்தில் நிலைக்கு நிலை சுதையில் கோபுரந்தாங்கிப் பொம்மைகள் இருக்கும். அவை கையைத் தூக்கி, கன்னத்தை உப்பி, பல்லைக் கடித்து நிற்குமே தவிர, உண்மையில் ஒரு செங்கல்லின் பாரம்கூட அவற்றின் மேல் இறங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் கட்டு. அதனால் அந்தப் பொம்மைகளை எப்படி வேண்டுமானாலும் வளைத்துச் செய்துவிடலாம். தம்பி செய்யப்போவது அப்படிப்பட்டதன்று. 65 சென்டிமீட்டர் கருங்கல் உருண்டை என்றால் கன அடிக் கணக்கில் பார்த்தால் சுமார் 390 கிலோ வரும். அது தனிக்கல்லாக இருந்தாலும் ஒரே கல்லில் எடுத்தாலும், அவ்வளவு பாரமும் கழுத்து, தோள், முதுகு வழியாகத்தான் மடக்கிய முழங்காலுக்கு இறங்கியாக வேண்டும். கணுக்கால் பக்கம் மூலத்தில் இருக்கிறது என்பதற்காக மெலிதாக எடுத்துவிடாதே. பின்புறம் தொங்கும் மேலாடையைப் பீடம் வரைக்கும் இறக்கிவிட்டால் பார்வைக்குத் துணியாகவும் வேலைக்குத் தூணாகவும் நிற்கும்.

இன்னொன்று. கிரேக்க நாட்டில் ஒலிம்பியா என்ற ஊரில் சீயஸ் கோயிலில் இருந்த ஒரு புடைப்புச் சிற்பத்தின் படத்தை என் பேரன் ஒரு புத்தகத்தில் காட்டினான். கி.மு. 460 வாக்கில் செய்தது. அட்லஸ் பொன் ஆப்பிள்களைப் பறித்துவரப் போயிருந்த நேரத்தில் அவருக்குப் பதிலாக ஹெர்குலிஸ் வானத்தைச் சுமந்த கதை அதில் இருக்கிறது. ஆப்பிள்களை இரண்டு கைகளிலும் நீட்டியபடி அட்லஸ் எதிரே வந்து நிற்கிறார். பின்னால் ஒரு பெண் தெய்வம் ஒற்றைக் கையை உயர்த்தித் தாங்கல் கொடுக்கிறாள். என் கண் போய் நின்றது ஹெர்குலிஸின் பிடரியில். அங்கே துணியை மடித்து வைத்த சும்மாடு ஒன்று இருக்கிறது! நம் பக்கத்தில் தண்ணீர்க் குடமோ தட்டப்பயிர்க் கட்டோ தூக்குகிறவர்கள் தலையில் சுருட்டி வைக்கும் அதே சும்மாடுதான். வானத்தையே தூக்குகிறவனுக்கும் சும்மாடு வேண்டும் என்று நினைத்த அந்தச் சிற்பி, பாரம் தூக்குகிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். கதையிலும் அது வருகிறதாம். வானத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள அட்லஸ் தயங்கியபோது, "சும்மாடு வைத்துக்கொள்கிறேன், அதுவரை கொஞ்சம் பிடி" என்று சொல்லித்தான் ஹெர்குலிஸ் தப்பித்தாராம்.

தம்பியின் சிலையில் சும்மாடு தேவையில்லை, மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. ஆனால் முகத்தைச் செய்யும் முன் ஒரு நாள் காலையில் திருப்பூர்ச் சந்தையில் மூட்டை இறக்குகிறவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வா. பாரம் ஏறியவனின் கழுத்து நரம்பு எந்தப் பக்கம் புடைக்கிறது, விலா எப்படி விரிகிறது என்பதெல்லாம் படத்தில் தெரியாது.

சிவன்மலை அம்மிணி எழுதியது:

வணக்கமுங்க. வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய அட்லஸ் ஒன்று இருப்பதை யாரும் இன்னும் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை நாம் ஆறு என்று எண்ணுகிறோம். சங்கப் பாடல்களிலேயே அதற்கு அறுமீன் என்று பெயர் உண்டு. முருகனுக்குப் பாலூட்டிய தாய்மார் அறுவர் என்றுதான் என் பாட்டி வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து எனக்குக் காட்டிக் கொடுத்தார். கிரேக்கர்கள் அதே கூட்டத்தை அட்லஸ், பிளெயோனி தம்பதியின் பெண்மக்கள் எழுவர் என்றார்கள். பிற்கால வானியலாளர்கள் அந்தக் கூட்டத்திலிருந்த வேறு இரண்டு விண்மீன்களுக்குத் தகப்பன், தாய் பெயர்களையும் சூட்டிவிட்டார்கள். கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருவரும் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள்.

எனக்கு வியப்பாக இருந்தது என்னவென்றால், ஒளி வரிசைப்படி எடுத்தால் முதலில் அல்சையோனி, அதற்கடுத்தது அட்லஸ், பிறகு எலெக்ட்ரா, மாயா, மெரோப்பி, டைகெட்டி என்று வருகிறது. சாதாரணக் கண்ணுக்குத் தெரியும் ஆறு இவைதாம். அப்படியென்றால் நாம் கார்த்திகைப் பெண்கள் அறுவர் என்று எண்ணும்போது, கிரேக்கர் கணக்கில் ஐந்து பேர்தான் பெண்கள், ஆறாவது ஆள் அவர்களுடைய தகப்பன்! இது தெரிந்த நாளிலிருந்து கார்த்திகை மாதத்தில் பொழுது சாய்ந்ததும் கிழக்கே அந்தக் கூட்டம் எழும்போது நான் முதலில் தேடுவது அந்த ஓரத்து விண்மீனைத்தான். நம்மிடமிருந்து சுமார் 440 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பூண்டியில் முருகன் கோயில் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிற அண்ணாவுக்கு இதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

நிலாவிலும் ஒரு அட்லஸ் இருக்கிறது; வடகிழக்குப் பக்கத்தில் சுமார் 87 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம். அதற்குத் தோளோடு தோளாக இருக்கும் பள்ளத்தின் பெயர் ஹெர்குலிஸ். பேரூர் ஐயா சொன்ன கதையிலுள்ள இருவரும் அங்கே அருகருகே இருக்கிறார்கள். வளர்பிறைப் பஞ்சமியை ஒட்டிய நாட்களில் சிறிய தொலைநோக்கியிலேயே இரண்டும் நன்றாகத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட எளிதான அட்லஸ் இல்லை.

நொய்யல் வானம் (கோவை) எழுதியது:

அம்மிணி சொன்ன ஆறாவது ஆள் கணக்கு மிகவும் சரி. இத்தனை காலம் பார்த்தும் நான் அப்படிச் சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை.

இனி சனியின் துணைக்கோள். வாயேஜர் 1 விண்கலம் 1980இல் சனியைக் கடந்தபோது எடுத்த படங்களில் ரிச்சர்ட் டெரைல் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். 1983இல் அட்லஸ் என்று பெயரிட்டார்கள். சனியின் பெரிய வளையங்களில் வெளிப்புறமாக இருப்பதற்கு ஏ வளையம் என்று பெயர். அதன் விளிம்புக்கு வெளியே சுமார் 900 கிலோமீட்டர் தள்ளி, பதினாலரை மணி நேரத்துக்கு ஒரு முறை இது சனியைச் சுற்றி வருகிறது. அந்த விளிம்பு சிதறாமல் கூர்மையாக நிற்பதற்கு இதுவே காரணம், வளையத்தைத் தோளில் தாங்குவது போல இது தாங்குகிறது என்று அப்போது எண்ணினார்கள். அதனால்தான் அந்தப் பெயர்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது, விளிம்பைப் பிடித்திருக்கும் முக்கியப் பிடி இதனுடையதன்று, இன்னும் வெளியே சுற்றும் ஜேனஸ் என்ற பெரிய துணைக்கோளுடையது என்று தெரிந்தது. ஜேனஸ் ஆறு சுற்று வரும் நேரத்தில் விளிம்பிலுள்ள துகள் ஏழு சுற்று வருகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இழுப்பு விழுந்து, துகள் வெளியேறாமல் தடுக்கப்படுகிறது. பேரூர் ஐயா சொன்ன கோபுரந்தாங்கிப் பொம்மையைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அட்லசை வெறும் பொம்மை என்று தள்ளிவிட முடியாது. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்றின்படி, ஏ வளையம் வெளியே பரவாமல் இருப்பதற்கு ஏழு துணைக்கோள்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பொறுப்பேற்கின்றன. கடைசி விளிம்பில் நிற்பது ஜேனஸ், அதற்கு உள்ளே படிப்படியாகத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் கூட்டத்தில் அட்லசும் ஒருவர்.

அந்த ஏழில் புரோமீதியஸும் எபிமீதியஸும் உண்டு. கதையில் அவர்கள் இருவரும் அட்லசின் கூடப்பிறந்த தம்பிகள். புரோமீதியஸின் பாதை அட்லசின் பாதைக்கு அடுத்தபடியாக வெளியே இருக்கிறது. தகப்பன் இயாபெட்டஸோ வெகு தொலைவில், 35 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் தனியே சுற்றுகிறார். சனியைக் கிரேக்கர்கள் குரோனோஸ் என்றார்கள். டைட்டன்களின் தலைவன் அவன். அதனால் அவனைச் சுற்றி வருகிறவற்றுக்கு டைட்டன் குடும்பத்துப் பெயர்களைச் சூட்டலாம் என்று 1847இல் ஜான் ஹெர்ஷல் சொன்ன யோசனையைத்தான் பின்வந்தவர்கள் பின்பற்றினார்கள்.

உருவமும் விசித்திரமானது. நீளவாக்கில் சுமார் 41 கிலோமீட்டர், அதாவது நம் கோவையிலிருந்து அவிநாசி வரையிலான தூரம். துருவத்துக்குத் துருவம் 19 கிலோமீட்டர் மட்டுமே. 2017 ஏப்ரலில் காசினி விண்கலம் சுமார் 11,000 கிலோமீட்டர் தொலைவில் எடுத்த படங்களில், தட்டுக்குழியில் மாவு வழிந்து ஓரம் கட்டிய இட்லி போல, நடுவில் உருண்டையும் இடுப்பைச் சுற்றி வழவழப்பான விளிம்புமாகத் தெரிகிறது. வளையத் துகள்கள் அதன் நடுக்கோட்டில் படிந்து படிந்து அந்த விளிம்பு உருவாகியிருக்கிறது. தான் தாங்குவதாகச் சொல்லப்பட்ட வளையத்தின் தூசியையே இடுப்பில் கட்டியிருக்கிறது. நம் வீட்டுத் தொலைநோக்கிகளில் இது தெரியாது. எனவே பீடத்தில் துணைக்கோளையும், பிள்ளைகள் கண்ணால் காணும்படி கார்த்திகைக் கூட்டத்து விண்மீனையும் சேர்த்து எழுதலாம் என்பது என் கருத்து.

பூண்டி உளி (திருமுருகன்பூண்டி) எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் பதில்களை அச்செடுத்துப் பள்ளியில் கொடுத்தேன். வானம் என்றே முடிவாகிவிட்டது. பீடத்தில், "சனிக்கோளின் துணைக்கோள் ஒன்றும், கார்த்திகை விண்மீன் கூட்டத்தில் ஒன்றும், நிலவின் பள்ளம் ஒன்றும் இவர் பெயரால் வழங்குகின்றன" என்று எழுதச் சம்மதித்துவிட்டார்கள். பேரூர் ஐயா சொன்னபடி மேலாடையைப் பீடம் வரை இறக்கப் போகிறேன். நேற்றுக் காலை சந்தைக்கும் போய்விட்டு வந்தேன். மூட்டையை வாங்கும் நொடியில் அவர்களுடைய கண் இமை சற்றே தாழ்வதை இதுவரை நான் எந்தச் சிலையிலும் பார்த்ததில்லை.

கோவை ஐயா சொன்ன விவாதத்தைப் பற்றி ஒரு கைவேலைக்காரனாக எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். 72 ஆண்டுக்கு 5.7 மில்லிமீட்டர் என்றால், முன்பின் 55 ஆண்டு என்பது கல்லில் நாலரை மில்லிமீட்டர்கூட வராது. ரோமானியச் சிற்பி பார்த்துச் செதுக்கியது ஒரு மூலத்தை. அந்த மூலம் ஓர் ஏட்டையோ வேறோர் உருண்டையையோ பார்த்து வந்தது. உருண்டையில் அளவை மாற்றும்போது ஒவ்வொரு கையிலும் நாலு மில்லி விலகுவது எங்களுக்குச் சாதாரணம், அதிலும் ஓர் உருவத்தின் காலோ கொம்போ எங்கே முடிய வேண்டும் என்பதைச் சிற்பி அழகுக்காகக் கொஞ்சம் இழுத்துவிடுவார். பல இடங்களை அளந்து சராசரி எடுத்தால் பிழை குறையும் என்பது புரிகிறது. ஆனால் ஒரே பக்கமாகத் தள்ளிச் செதுக்கும் கைப்பழக்கம் சராசரியில் மறையாது. ஆகவே காலத்தைப் பற்றி டியூக் என்பவர் பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

கடைசியாக ஒரு சந்தேகம். மூல உருண்டையின் உச்சியில் உடைந்து ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே எந்த உருவம் இருந்திருக்கும்? அதை நான் நிரப்ப வேண்டுமா?

நொய்யல் வானம் (கோவை) எழுதியது:

ஒரே பக்கமாகத் தள்ளும் கைப்பழக்கம் என்று நீங்கள் சொன்னது மிக வலுவான வாதம், நான் அதை என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

உச்சியில் இருந்திருக்க வேண்டியவை இரண்டு கரடிகள். பெரிய கரடியின் ஏழு விண்மீன்களைத்தான் நாம் சப்தரிஷி மண்டலம் என்கிறோம். சின்னக் கரடியின் வால்நுனியில்தான் இன்று நாம் துருவ நட்சத்திரம் என்று அழைக்கும் விண்மீன் இருக்கிறது. அந்தக் காலத்தில் துருவம் அங்கே இல்லை. அயன நகர்வால் இப்போதுதான் அதன் அருகே வந்திருக்கிறது. நிரப்புவதென்றால் எந்தக் காலத்துத் துருவத்தை மையமாக வைப்பது என்ற கேள்வி வரும். மற்ற உருவங்களெல்லாம் கி.மு. காலத்து வளையங்களில் நிற்கும்போது துருவத்தை மட்டும் இன்றைக்குக் கொண்டுவந்தால் பொருந்தாது.

பேரூர் கல்மண்டபம் எழுதியது:

தம்பி, உச்சியை உருட்டி விடு, மெருகு போடாதே. புள்ளி உளியால் கொத்திய தடம் அப்படியே இருக்கட்டும். ஏழடி உயரத்தில் கீழிருந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு அது தெரியாது; மாடியிலிருந்து பார்க்கிற பிள்ளை எவனாவது, இங்கே மட்டும் ஏன் சொரசொரப்பாக இருக்கிறது என்று கேட்பான்.

பூண்டி உளி (திருமுருகன்பூண்டி) எழுதியது:

அப்படியே செய்கிறேன் ஐயா. வரும் வளர்பிறையில் காவிக்கோடு போடுகிறோம். தாளைப் புரட்டிப் போட்டு ஊடுவரைவது என் மகளின் வேலை; முதல் உருவமாகக் காளையை எடுத்து வைத்திருக்கிறாள். அதன் தோளில்தான் கார்த்திகைக் கூட்டம் வருகிறது என்று சிவன்மலை அம்மிணியிடம் சொல்லச் சொன்னாள்.